அகளிக் காற்றும் நில உரிமையும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில் அட்டப்பாடி என்னும் மலைநாடு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர். அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று பஞ்சாயத்துகள் அதில் அடங்கும். வட்டார நிர்வாகத்தின் தலைமையிடம் அகளி. மேற்கே முக்காலிப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்குக் குறையாது மழை பொழிகிறது. கிழக்கே ஆனைகட்டியை நெருங்கும்போது அது 900 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் அடர்ந்த மழைக்காடும் வறண்ட புதர்க்காடும் ஒருங்கே காணக்கிடைக்கும் நாடு இது.

நீலகிரியில் தோன்றும் பவானி நதி கேரளத்துட் புகுந்து, இம்மலைநாட்டின் ஊடே கிழக்கு நோக்கித் திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டை வந்தடைகிறது. கோவை நகரத்தார் அருந்தும் சிறுவாணி நீரும் இம்மலைத்தொடரில் பெய்யும் மழையே. இங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினருள் இருளரின் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. ஆதலின் அட்டப்பாடியின் மண்ணுக்கும் மரத்துக்கும் மக்களுக்கும் நேர்வது தமிழ் வாசகர்க்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று.

கடந்த முப்பது ஆண்டுகளில் இம்மலைநாட்டில் இரு பெருமுயற்சிகள் நடைபெற்றன. ஒன்று, அழிந்த காட்டையும் அரித்துப்போன மண்ணையும் மீட்கும் முயற்சி. மற்றொன்று, மலைக்காற்றைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் முயற்சி. இரண்டும் இயற்கைக்கு நன்மை பயப்பவை என்பதில் ஐயமில்லை. இரண்டினாலும் அம்மண்ணுக்கு உரியவர்கள் நிலையாக என்ன பெற்றார்கள் என்ற வினாவே ஆராய்தற்குரியது. வளர்ந்துவரும் நாடுகள் அனைத்துக்கும் அதன் விடை பயன்படும்.

சொல்லின் வரலாறு

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனால் வானத்தில் சேரும் கரியமிலவாயு பூமியின் வெப்பத்தை உயர்த்தி வருகிறது என்பது விஞ்ஞானம் ஐயந்திரிபற நிலைநாட்டிய உண்மை. அவ்வெரிபொருள்களைக் கைவிட்டுச் சூரியன், காற்று, நீர் முதலிய சக்திகளுக்கு உலகம் மாறியாக வேண்டும். அவ்வாறு மாறும்போது சுரங்கத் தொழிலாளிக்கும் அனல்மின் நிலையத்துத் தொழிலாளிக்கும் வேலை போகும். ஊர் நன்மைக்காக அவர்கள் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்ற நியாயமான கேள்வியிலிருந்து பிறந்ததே ‘நீதியான மாற்றம்’ என்னும் கொள்கை. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மசாக்கி முதலியோர் 1990-களில் இக்கருத்தை முன்வைத்தனர். 2015-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டில் உருவான பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலும் இக்கொள்கை இடம்பெற்றது.

இக்கொள்கை கூலிபெறும் தொழிலாளியை மையமாகக் கொண்டு பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அது பிறந்த நாடுகளில் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. வேலைக்குப் பதிவேடு உண்டு. வேலை போனால் உதவித்தொகையும் உண்டு. அட்டப்பாடியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. அனல்மின் நிலையமும் இல்லை. அங்குள்ள பழங்குடியினர் வானத்திற்கு ஏற்றிய கரியமிலவாயு கணக்கிடும் அளவினதன்று. அவ்வாறாயின் அவர்களுக்கும் இக்கொள்கைக்கும் என்ன தொடர்பு? பழைய தொழில் மூடப்படும் இடத்தில் மட்டுமே நீதி தேவை என்று கருதுவோர் இவ்வினாவுக்கு விடை காணார். புதிய தொழில் வந்து இறங்கும் இடத்திலும் நீதி வேண்டும். வளர்ந்துவரும் நாடுகளில் இதுவே பெரும்பகுதி.

கூலியும் வாடகையும்

புதிய சக்திகளின் இயல்பைச் சிறிது நோக்கினால் இது தெளிவாகும். நிலக்கரியை நாள்தோறும் வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், எரிக்க வேண்டும். ஆதலின் அது ஓயாமல் ஆட்களை வேண்டுகிறது, கூலியும் தருகிறது. காற்றாலையின் இயல்பு வேறு. அதனை நிறுவும்போது பாதை வெட்டவும் அடித்தளம் இடவும் சில மாதங்களுக்கு ஆட்கள் தேவை. நிறுவியபின் காற்று தானே வீசுகிறது. இறக்கை தானே சுழல்கிறது. பல இயந்திரங்களைக் கவனிக்கச் சில பொறிவினைஞரும் காவலரும் போதும். சூரிய மின் நிலையமும் அத்தகையதே.

ஆகவே காற்றும் வெயிலும் தரும் வருவாயில் கூலியின் பங்கு மிகச் சிறிது. முதலீட்டாளருக்குரிய இலாபம் போக, ஊராருக்குக் கிடைக்கக்கூடியது நிலத்தின் வாடகை ஒன்றே. வாடகையோ நிலத்தின்மேல் உரிமை உடையவனுக்கே கிடைக்கும். உரிமைப் பத்திரம் இல்லாதவன், தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவனாயினும், தன் தலைக்குமேல் சுழலும் இறக்கையை வேடிக்கை பார்ப்பவனாகவே நின்றுவிடுவான். நிலக்கரி யுகத்தில் நீதி என்பது பெரும்பாலும் கூலியைப் பற்றிய கேள்வி. காற்றும் வெயிலும் ஆளும் யுகத்தில் அது பெரும்பாலும் நில உரிமையைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. இவ்வேறுபாட்டை உணராத திட்டங்கள் நல்லெண்ணம் உடையவையாயினும் பயன் தரா.

காற்றாலை வந்த நிலம்

அட்டப்பாடியின் நில வரலாறு இதற்குச் சான்று. முன்னாளில் இம்மலைகள் கோழிக்கோட்டுச் சாமூதிரி, மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் முதலிய ஜன்மிகளின் ஆதீனத்தில் இருந்தன. பழங்குடியினர் அவர்களுக்கு வழக்கமான காணிக்கையைச் செலுத்திவிட்டு, காட்டில் இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகும் சாமையும் தினையும் துவரையும் விளைத்து வந்தனர். ஒவ்வோர் ஊருக்கும் மூப்பன் ஒருவன் தலைவன். அவனுக்குத் துணையாகக் குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்போர் இருந்தனர். எந்தச் சரிவில் எப்போது விதைப்பது என்பதை அறிந்து, உழவை முதலில் தொடங்கிவைப்பது மண்ணுக்காரனின் பொறுப்பு. நிலம் ஊரின் வழக்கத்தில் இருந்தது; காகிதத்தில் இல்லை.

1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது அட்டப்பாடி மக்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். பின்னர் கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடியேறியோர் தொகை பெருகிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் பழங்குடியினர் பாதிக்கும் குறைந்துவிட்டனர். குடியேறியோரும் பெரும்பாலும் வறுமையால் உந்தப்பட்டு வந்த உழவர்களே. எனினும் பத்திரம் எழுதத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலில் நிலம் எப்பக்கம் நகரும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்றச் சட்டங்கள் இயற்றப்படாமல் இல்லை. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டளிக்கக் கேரளச் சட்டசபை 1975-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதற்கு வேண்டிய விதிகள் 1986-ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டன. அப்பதினொரு ஆண்டுகளில் சட்டம் ஏட்டளவில் இருந்தது. நிலமோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1999-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரையில் நிலத்தை வாங்கி வைத்திருந்தவர் அதனைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றும், இழந்த பழங்குடியினர்க்கு அரசாங்கம் மாற்று நிலம் தரும் என்றும் அது விதித்தது. 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. 2006-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு முக்கியமான இடத்தை அளித்தது. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ்ப் பிற மாநிலங்களில் அறிவிக்கப்பட்டுள்ள பழங்குடிப் பகுதிகளுக்கு உரிய தனிப் பாதுகாப்பு அட்டப்பாடிக்கு இல்லை. ஆதலின் மேற்கூறிய இரு சட்டங்களே அங்குள்ளோர்க்குப் பிடிப்பு.

இத்தகைய நிலத்தில்தான் 2008-ஆம் ஆண்டளவில் காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் 600 கிலோவாட் திறனுடைய 31 இயந்திரங்கள். மொத்தத் திறன் 18.6 மெகாவாட். ஏறத்தாழ அதே காலத்தில் இடுக்கி மாவட்டத்தில், தமிழகக் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ராமக்கல்மேட்டிலும் 14.25 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் அமைந்தன. நாளடைவில் 5,000 மெகாவாட்டைக் கடந்துவிட்ட கேரளத்தின் உச்ச மின்தேவையை நோக்க இவை சிறியனவே. ஆயினும் மழை குறைந்தால் நீர்மின்சாரம் தளரும் மாநிலத்தில் காற்றின் உதவி புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால் காற்றாலை நின்ற நிலத்தில் ஒரு பகுதி பழங்குடியினர்க்கு உரியது என்றும், அதன் ஆவணங்கள் முறைப்படி அமைந்தவை அல்ல என்றும் புகார் எழுந்தது. 2010-ஆம் ஆண்டில் அது அரசாங்க விசாரணைக்கு உள்ளாயிற்று. நிலத்தை மீட்டுக் கொடுப்பதா, காற்றாலைகளை நிற்கவிட்டு மின்சார வருவாயில் ஒரு பங்கை உரியவர்க்கு அளிப்பதா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. அவ்வாதத்தில் எப்பக்கம் நியாயம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எழுந்த காலமே இங்குக் கருதத்தக்கது. நிலம் யாருடையது என்ற கேள்வி இயந்திரம் சுழலத் தொடங்கிய பின்னரே கேட்கப்பட்டது. முதலிற் கேட்க வேண்டியதை இறுதியிற் கேட்டால் விடை எதுவாயினும் ஒருவருக்கு இழப்பு நேர்வது திண்ணம்.

காடு மீண்டது, கூலி நின்றது

மற்றைய முயற்சி இதனினும் பெரிது. பல வகையில் பாராட்டுக்குரியது. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மரம் இழந்து, மண் அரித்து, ஓடைகள் வற்றித் தரிசாய்க் கிடந்தது. அதனை மீட்கும் பொருட்டு 1995-ஆம் ஆண்டில் அட்டப்பாடி மலைப்பகுதி அபிவிருத்திச் சங்கம் அமைக்கப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஏறத்தாழ 219 கோடி ரூபாய்ச் செலவில் திட்டம் வகுக்கப்பட்டது. சரிவுகளில் மழைநீரைத் தேக்கும் குழிகள் வெட்டப்பட்டன. ஓடைகளில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. தரிசுகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன. வற்றிக் கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடலாயிற்று.

இத்திட்டத்தின் தனிச்சிறப்பு அதன் நிர்வாக முறை. ஒப்பந்தக்காரரைக் கொண்டு வேலை முடிக்கும் பழக்கத்தை விட்டு, ஊர்தோறும் ஊர் விகாசன சமிதி என்னும் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் வாயிலாகவே வேலையும் வீடு கட்டுதலும் நடைபெற்றன. உள்ளூர் இளைஞர் பலர் கணக்கெழுதவும் அளவெடுக்கவும் கற்றனர். பழங்குடியினர் கூலி தாமதமின்றிப் பெற்றனர். வளர்ந்துவரும் நாடுகளுக்கு முன்மாதிரி என்று கூறத்தக்க பல கூறுகள் அதில் இருந்தன.

ஆயினும் திட்டங்களுக்கு ஆயுள் உண்டு. 2010-ஆம் ஆண்டளவில் பணிகள் முடிவுக்கு வந்தன. அதனோடு கூலியும் நின்றது. மரங்கள் நின்றன, அவற்றின் பயனில் ஊருக்குரிய நிரந்தரப் பங்கு வரையறுக்கப்படாமலே நின்றது. 2013-ஆம் ஆண்டில் அட்டப்பாடிப் பழங்குடிக் குழந்தைகள் பிறந்த சில நாட்களிலும் மாதங்களிலும் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் சத்துக்குறைவும் இரத்தக்குறைவும் அதற்கு முதன்மையான காரணங்கள் எனக் காணப்பட்டது. அம்மரணங்களுக்குக் காரணங்கள் பல. அவற்றை ஒரு திட்டத்தின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. எனினும் பச்சை மீண்ட நிலத்தில் பசி மீளாமல் இருந்தது என்பதை மறுக்க இயலாது. கேழ்வரகும் சாமையும் அவரையும் விளைந்த புனங்கள் சுருங்கிவிட்டன. அங்காடி அரிசி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வனம் வளர்ந்ததைச் செயற்கைக்கோள் படம் காட்டும். அடுப்பில் என்ன வெந்தது என்பதைக் காட்டாது.

அதன் பின்னர் குடும்பஸ்ரீ இயக்கத்தின் துணையோடு ஊர்தோறும் பொதுச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. பழங்குடிப் பெண்களின் குழுக்கள் தரிசாய்க் கிடந்த நிலத்தில் மீண்டும் சிறுதானியம் விளைக்கலாயின. 2017-ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறைந்த மழையில் விளையும் இத்தானியங்களும் பருப்புகளும் மாறிவரும் பருவநிலைக்கு ஏற்றவை என்பது விஞ்ஞானத்திற்கும் உடன்பாடு. மண்ணுக்காரன் அறிந்திருந்ததை ஆராய்ச்சி நிலையம் வேறு வழியில் கண்டறிகிறது. ஆனால் இவ்விளைச்சலுக்கும் நிலம் வேண்டும். அதன் மேல் உரிமையும் வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

அட்டப்பாடியில் கண்டது அட்டப்பாடிக்கு மட்டும் உரியதன்று. கர்நாடக மாநிலத்தின் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்னும் இடத்தில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா அமைந்துள்ளது. அங்கு உழவரிடமிருந்து நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை, குத்தகைக்கே எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் என்றும், இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்தொகை நூற்றுக்கு 5 விகிதம் உயரும் என்றும் ஒப்பந்தம். அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் நாட்டில் இது உழவர்க்குப் பெரிய ஆறுதல். நிலமும் அவர்களிடமிருந்து போகவில்லை. இம்முறை பாராட்டத்தக்கது.

எனினும் அங்கும் நிலமில்லாத கூலிக்காரர் இருந்தனர். மற்றவர் வயலில் களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த அவர்களுக்கு வயலும் இல்லை, மேய்ச்சலும் இல்லை, வாடகையும் இல்லை. உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது நீதியின் முற்பாதி. பத்திரம் இல்லாதவர்க்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது அதன் பிற்பாதி. பாவகடா முற்பாதியைச் செய்து காட்டியது. பிற்பாதி அங்கும் எஞ்சி நிற்கிறது.

கடல் கடந்தும் இதே படிப்பினை கிடைக்கிறது. 2021-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் உதவி அளிப்பதாகச் செல்வ நாடுகள் வாக்களித்தன. அதில் திருப்பித்தர வேண்டாத மானியம் நூற்றுக்கு நான்கு அளவே. எஞ்சியதில் பெரும்பகுதி கடன். அந்நாட்டின் கொமாட்டி அனல்மின் நிலையம் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. அங்குச் சூரியசக்தியும் தொழிற்பயிற்சியும் கொண்டுவர உலக வங்கி 49.7 கோடி டாலர் வழங்க இசைந்தது. ஆயினும் நிலையம் மூடப்பட்ட நாளுக்கும் மாற்றுத்தொழில் கைக்கு எட்டும் நாளுக்கும் இடையில் பெரும் இடைவெளி விழுந்தது; ஊராரின் கருத்தை முன்னதாகவே கேட்கவில்லை என்ற குறையும் எழுந்தது. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்கா இவ்வேற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. பிறர் வாக்கை நம்பித் தொடங்கும் நீதி, பிறர் மனம் மாறும்போது தானும் மாறிவிடும் அபாயம் உடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஊரின் பங்கு ஊரிலேயே பிறக்கும் வருவாயிலிருந்து வருமாயின் இவ்வபாயம் குறையும்.

எதிர்வாதங்கள்

இவ்வாறு கூறும்போது இரண்டு ஆட்சேபங்கள் எழுப்பப்படுகின்றன. முதலாவது, காலம் பற்றியது. பூமியின் வெப்பம் காத்திருப்பதில்லை. 2070-ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியாக்குவதாக இந்தியா உறுதி கூறியுள்ளது. ஒவ்வொரு காற்றாலைக்கும் ஊர்ச்சபையைக் கூட்டி நில வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்தால் வேலை நடப்பது எப்போது என்பர். இந்தியா தன் மின்சார நிறுவுதிறனில் பாதியை எரிபொருள் சாராத வழிகளுக்கு மாற்றும் குறிக்கோளை, குறித்த ஆண்டாகிய 2030-க்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2025-இல் எட்டிவிட்டது. ஆகவே வேகம் இந்நாட்டில் குறைவுபடவில்லை. மேலும், அவசரத்தில் விட்ட கேள்வி நீதிமன்றத்திலும் விசாரணையிலும் பன்மடங்கு காலத்தை விழுங்கும் என்பதை அகளியே காட்டுகிறது. முன்னதாகக் கேட்பதற்குச் செலவாகும் ஓராண்டு, பின்னர் வழக்கில் போகும் பத்து ஆண்டுகளிலும் மலிவானது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்புப் பற்றி எழுந்த கலவரமும் இதனை உணர்த்தும். 2011-ஆம் ஆண்டில் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை அளித்தது. முடிவுகளைக் கிராம சபைகளின் முன் வைத்தே உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாறு செய்யப்படவில்லை. 2013-ஆம் ஆண்டில் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை வந்ததும் இடுக்கி முதலிய மலை மாவட்டங்களில் கடையடைப்பும் கிளர்ச்சியும் மூண்டன. தம் நிலம் பறிபோகும் என்று உழவர் அஞ்சினர். அச்சம் முழுவதும் சரியா என்பது வேறு. மலையைக் காக்கும் யோசனை மலைவாழ் மக்களுக்கு மேலிடத்து ஆணையாகத் தோன்றியது என்பதே தோல்விக்குக் காரணம்.

இரண்டாவது ஆட்சேபம், பழங்குடியினரின் அறியாமை பற்றியது. கையில் பணம் வந்தால் செலவழித்துவிடுவார்கள், உரிமை வந்தால் விற்றுவிடுவார்கள், ஆதலின் அவர்கள் சார்பில் அரசாங்கமே நிர்வகிப்பது நலம் என்பர். ஊர் விகாசன சமிதிகளின் அனுபவம் இதற்குத் தக்க மறுமொழி. பொறுப்பைக் கொடுத்தபோது அவர்கள் வீடு கட்டினார்கள், கணக்கு வைத்தார்கள், ஓடையை மீட்டார்கள். அவர்கள் தவறவில்லை; அவர்கள் கையிலிருந்த பொறுப்புதான் திட்டத்தோடு முடிந்துபோயிற்று.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து செயலுக்குரிய சில நெறிகள் புலனாகின்றன. முதலாவது, வரிசை. எந்த மலைச்சரிவிலும் இயந்திரமோ மரக்கன்றோ இறங்குமுன் அந்நிலம் யாருடையது என்பது தீர்க்கப்பட வேண்டும். காற்றின் வேகத்தை அளக்க ஓராண்டுக்குக் குறையாது கம்பம் நட்டுக் காத்திருக்கிறார்கள். நிலத்தின் உரிமையை அளக்கவும் அக்காலத்தையே பயன்படுத்தலாம். இதனால் ஒரு நாளும் வீணாவதில்லை.

இரண்டாவது, நிலம் கைமாறாமை. பாவகடாவைப் போலக் குத்தகையே வழக்கமாக வேண்டும். விலைப்பணம் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். குத்தகையோ இறக்கை சுழலும் வரை வரும். இயந்திரத்தின் ஆயுள் முடிந்தபின் நிலம் உரியவரிடமே மீளும்.

மூன்றாவது, ஊருக்கு ஒரு பங்கு. தனிப் பத்திரம் உடையவர்க்குக் குத்தகை சேர்வதைப் போல, பத்திரம் இல்லாதார் உட்பட ஊர் முழுவதற்கும் வருவாயில் ஒரு பங்கு சட்டப்படி வரையறுக்கப்பட வேண்டும். அது தானமாக அன்று, உரிமையாகவே வழங்கப்பட வேண்டும். அதனைச் சமையற்கூடத்திற்கோ, விதைக்கோ, பள்ளிக்கோ செலவிடுவதை ஊரே தீர்மானிக்கலாம்.

நான்காவது, திட்டம் முடிந்த பின்னர் வரும் நாள். எந்தத் திட்டத்தின் முதல் ஏட்டிலும் அதன் இறுதி நாளுக்கு மறுநாள் அங்குள்ளோர் எதைக்கொண்டு வாழ்வார்கள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு விடை எழுத இயலாத திட்டம் தொடங்கத் தகுதியற்றது. நட்ட மரத்தின் பழமும் தேனும் புல்லும் யாருக்கு, தடுப்பணையைப் பழுதுபார்ப்பது யார், அதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பவை பொறியியல் வரைபடத்தைப் போலவே திட்டத்தின் உறுப்புகள்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருளை வேண்டுவதன்று. அயல்நாட்டுக் கடன் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சட்டங்கள் பெரும்பாலும் முன்னரே உள்ளன. அவற்றை உரிய வரிசையில், உரிய காலத்தில் நடைமுறைப்படுத்தினால் போதும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் விதிகளுக்காகப் பதினொரு ஆண்டுகள் காத்திருந்த கதை மீண்டும் நிகழலாகாது.

அட்டப்பாடி ஊர்களில் மண்ணுக்காரன் முதல் விதையை இடாமல் மற்றவர் விதைப்பதில்லை என்பது பழைய வழக்கம். மண்ணை அறிந்தவனைக் கேட்ட பின்னரே மண்ணில் கைவைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். காற்றாலை நடுவோரும் காடு வளர்ப்போரும் கடன் கொடுப்போரும் இவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாயின், அகளி மலையில் வீசும் காற்று தொலைவிலுள்ள நகரங்களுக்கு விளக்கேற்றுவதோடு, தான் கடந்துசெல்லும் ஊர்களின் அடுப்பையும் எரியச் செய்யும்.